இரண்டு பேர் ஊதிய பரிசோதனை

இருமல் விடாமல் படுத்தியதால், நுரையீரல் எவ்வளவு காற்றுப் பிடிக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி டாக்டர் என்னை விழுப்புரத்துக்கு அனுப்பினார். திண்டிவனத்திலிருந்து என் வீட்டுக்காரரும் துணைக்கு வந்தார்.

பரிசோதனை செய்யும் பெண் என் மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் குழாயை வைத்தாள். "நல்லா இழுங்கம்மா... இப்ப ஊதுங்க! ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று கத்தினாள். பிரசவ வார்டில்கூட என்னை யாரும் அப்படி விரட்டியதில்லை.

"பத்தலம்மா, இன்னொரு வாட்டி."

மறுபடி ஊதினேன். பக்கத்தில் சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போலச் சத்தம் கேட்டது. திரும்பினால், நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் கண் பிதுங்க என்னோடு சேர்ந்து ஊதிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை நான் ஊதி முடித்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தலை சுற்றிவிட்டதாம்.

"நீங்க ஏன் சார் ஊதனீங்க?"

"நீ கத்திக்கினே இருந்தியேம்மா, சும்மா இருக்க முடியல."

அவரைக் கட்டிலில் படுக்கவைத்து அவள் தேற்றினாள். "பயப்படாதீங்க சார். எவ்ளோ ஊதினாலும் நுரையீரல்ல கொஞ்சம் காத்து மிச்சம் இருந்துக்கினேதான் இருக்கும். அத யாராலயும் வெளிய தள்ள முடியாது."

"எனக்கு அதுவும் போயிடிச்சும்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

என் நுரையீரலில் குறை ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த கண்டக்டர், "சாரை உக்கார வைங்கம்மா, பாவம்" என்றார். திண்டிவனம் வரைக்கும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.