கறுப்புப் பட்டி

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் தமிழர் வீட்டில் ஒருவர் கண்ணை மூடினால் முதல் அழைப்பு ஐயருக்கு, அடுத்த அழைப்பு ஸ்ரீதரனுக்கு. ஐயர் பிந்தினாலும் பிந்துவார். ஸ்ரீதரன் பிந்தியதாகச் சரித்திரம் இல்லை. விசா கிடைக்காத சொந்தங்கள் ஊரில் இருந்தபடி கைபேசியில் கடைசி முகம் பார்க்கவேண்டுமென்றால் அவருடைய பெட்டி ஓடவேண்டும். அந்தப் பெட்டி, ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பழைய கணினி, அவர் வீட்டு நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டு கிடந்தது. சேர்வர் என்றால் பளபளக்கும் என்று நினைப்பவர்கள் வந்து பார்த்திருக்கவேண்டும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் ஸ்ரீதரன். எண்பத்தேழில் ஜெர்மனிக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவினார், வெதுப்பகத்தில் மாமூட்டை தூக்கினார், கூரை கூரையாக ஏறி டிஷ் அன்ரெனா பூட்டினார். சொந்த வீட்டுக்குச் சாவி வாங்கினார். “நான் படிச்சிருந்தா கெட்டுப்போயிருப்பன்” என்பார். பொய்யில்லை. படித்தவர்கள் ஏலாது என்று கைவிட்டதைத்தான் அவர் செய்து காட்டினார்.

நான்கைந்து வருடத்துக்கு முன் அவருடைய மூத்த அண்ணன் இங்கே காலமானார். இலங்கையில், நெடுங்கேணியில் இருந்த அக்கா சாந்தாவுக்கு விசா இல்லை. யாரோ ஒருவர் காட்டிய நேரலையில் சரியாகச் சவப்பெட்டி மூடும் நேரம் படம் நின்றுவிட்டது. “தம்பி, அண்ணையின்ரை முகத்திலை ஒரு வட்டம் சுத்திக்கொண்டு நிண்டது. சுத்தி முடியேக்கை மூடிப்போட்டாங்கள்” என்று அக்கா தொலைபேசியில் அழுதார்.

அன்றைக்கு அந்தப் பழைய கணினிக்கு முன்னால் குந்தியவர்தான், வழி காணும்வரை எழும்பவில்லை. ஊர்ச் சிக்னல் ஊசித்துவாரம் என்றால், யானையை ஊசித்துவாரத்தால் அனுப்ப வழி என்ன? தொண்ணூறுகளில் தொலைபேசி அட்டை தீருமுன் பத்துப் பேரின் சுகம் விசாரித்த மனிதருக்கு அது பிடிபட்டது. நேற்றுச் சொன்னதை இன்று சொல்லாதே, மாறியதை மட்டும் சொல். படத்தைச் சுருக்குவதும் அதே வித்தைதான். சுவர் அசையாது, அதை ஒருதரம் அனுப்பினால் போதும். அழுகிறவரின் கை அசைகிறது, அதை அனுப்பு. படத்துக்கு வினாடிக்கு நூற்றைம்பது கிலோபிட், குரலுக்கு இருபத்துநாலு. சிக்னல் இன்னும் இளைத்தால் படத்தை நிறுத்து, குரலை மட்டும் அறுந்துபோக விடாதே.

இதற்காக அவர் சட்டம் வைத்தார். கமராவை ஆட்டக்கூடாது. பின்னால் மினுங்கும் திரை கூடாது. ஒருமுறை பூவை வாரி வாரி எறிந்த ஓர் அம்மாவிடம், “அக்கா, எறியாதேங்கோ, மெல்லமா வையுங்கோ. ஒவ்வொரு இதழும் நெடுங்கேணி மட்டுக்கும் போகவேணும்” என்றார். அழுதுகொண்டிருந்த சனம் சிரித்தது.

படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டி இருக்கும். அது முதல் வருடக் குளிரில், மயானத்தில் கமரா விழுந்து அடிபட்டதால் வந்தது. அதன்பிறகு படத்தின் அடிப்பக்கம் ஓயாமல் நடுங்கியது. நடுங்குவதெல்லாம் மாறுவது, மாறுவதெல்லாம் கிலோபிட்டைத் தின்னும். புதுக் கமரா வாங்காமல், நடுங்கும் இடத்தைக் கறுப்பால் மூடிவிட்டார் மனுசன்.

சந்திரமௌலி வந்தது அதற்குப் பிறகு. ஐம்பதை நெருங்கும் இந்தியத் தமிழர், ஆய்வுகூடத்தில் வேலை. அதுவரை ஸ்ரீதரன் பொத்தான்களை அழுத்தி ஒப்பேற்றினார், சேர்வரில் ஆங்கிலக் கட்டளைகளைத் தட்ட அவருக்குத் தெரியாது; மௌலிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் வந்தார். வேலை முடிய, ஸ்ரீதரனின் மனைவி மங்கையற்கரசியின் நண்டுக்குழம்பு. எந்த ஊருக்கு எந்த நேரம் எவ்வளவு கிலோபிட் தாங்கும் என்று ஸ்ரீதரன் பென்சிலால் எழுதிய கொப்பி ஒன்று இருந்தது. மௌலி தான் தட்டும் கட்டளைகளையும் அதிலேயே எழுதிவைப்பார்.

“அண்ணா, அந்த நோட்டை ஒரு வாரம் குடுங்க. பேக்கப் இருந்தா நல்லது” என்றார் மௌலி ஒருநாள்.

“கொண்டுபோம். உமக்குத் தராமல் ஆருக்குத் தாறது?”

கொப்பி சொன்னபடி ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. அடுத்த மாதம் தமிழ்ச் சங்க ஆண்டுவிழா. மங்கையற்கரசி இஸ்திரி போட்ட வேட்டியோடு ஸ்ரீதரன் மூன்றாம் வரிசையில் இருந்தார். சங்கத் தலைவி வசுந்தரா ஒலிவாங்கியைப் பிடித்தார். “மெல்லிய இணையத்திலும் ஓடுற நேரலையை எங்கடை சந்திரமௌலி ஐயா ஆராய்ச்சி செய்து கண்டுபிடிச்சிருக்கிறார். இனிச் சங்கத்தின்ரை நேரலை எல்லாம் அவரின்ரை பொறுப்பு.”

கைதட்டலில் ஸ்ரீதரனின் கையும் இரண்டு தரம் தட்டிவிட்டது. மூன்றாவதுக்கு எழும்பவில்லை. திரையில் அவருடைய கொப்பி ஓடியது: நூற்றைம்பது, இருபத்துநாலு, ஊர்ப்பெயர்கள். எல்லாம் வடிவான ஆங்கில அச்சில். பெயர் மட்டும் வேறு. மங்கையற்கரசி அவருடைய முழங்கையைப் பிடித்தார்.

பிறகு மேடையைப் புதுக் கமராவால் நேரலையாகவே காட்டினார்கள். கண்ணாடி போல் படம். அடியில் கறுப்புப் பட்டி!

கேள்வி நேரத்தில் ஸ்ரீதரன் எழும்பினார். “மௌலி, அந்தக் கறுப்புப் பட்டி என்னத்துக்கு?”

மௌலி சபையைப் பார்த்துச் சொன்னார். “நல்ல கேள்விண்ணா. அது டெக்னிக்கலா முக்கியம். அந்த ஏரியாவைக் காலியா விட்டா கம்ப்ரெஷன் நல்லா வரும். நிறைய டெஸ்ட் பண்ணித்தான் அந்த அளவுக்கு வந்தோம்.”

“அந்த அளவு எனக்குத் தெரியும். என்ரை கமரா மயானத்திலை விழுந்து பழுதான அளவு அது. உம்மடை கமராவும் விழுந்ததோ?”

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு ஸ்ரீதரனுக்கு இனிக்கவில்லை. வாசலில் மௌலி பின்னாலேயே வந்தார்.

“நாலு பேர் முன்னாடி இப்படிப் பண்ணிட்டீங்களே, அண்ணா. நான் கமாண்ட் அடிக்கலேன்னா உங்க பெட்டி ஓடியிருக்குமா?”

“இப்பிடி ஓடியிராது. அதை நான் மேடையிலை ஏறியெண்டாலும் சொல்லியிருப்பன். என்ரை பேரை ஒருக்காச் சொல்ல உமக்கு வாய் வரேல்லையே, மௌலி?”

“மேடையில படிப்பு, பட்டம் எல்லாம் கேப்பாங்கண்ணா…” என்றார் மௌலி. ஸ்ரீதரன் தன் எட்டாம் வகுப்போடு படி இறங்கினார்.

மறுநாள் ஞாயிறு. சங்கம் முடிவை மாற்றியதாகச் செய்தி இல்லை. வருகிற புதன்கிழமைக்கு ஒரு செத்தவீடு இருந்தது. அந்த வீட்டார் ஸ்ரீதரனைத்தான் கேட்டார்கள். அவர் நிலவறைக்கு இறங்கினார். பெட்டிக்குள் நுழைய இரண்டு பேருக்கு அனுமதி இருந்தது: அவருக்கும் மௌலிக்கும். மௌலியை எடுத்துவிடவேண்டும். எப்படி எடுப்பது? அப்படிப்பட்டவற்றை எப்போதும் மௌலிதான் செய்வார்.

கொப்பியைப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் மௌலியின் சாய்ந்த கையெழுத்து, இரண்டு வருடப் பழசு. “அண்ணா, யாரையாவது சிஸ்டத்துல இருந்து நீக்கணும்னா இதை அடிச்சு, கடைசில அவங்க பேரைப் போடுங்க. ஜாக்கிரதை, நிச்சயமான்னு திரும்பக் கேக்காது.”

ஸ்ரீதரன் மூக்குக்கண்ணாடியை மாட்டி ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகத் தேடித் தட்டினார். கடைசியில் மௌலியின் பெயரையும் தட்டினார். பெட்டி எதையும் திரும்பக் கேட்கவில்லை.

மேலே மங்கையற்கரசி குசினியில் இருந்து கூப்பிட்டார். “இஞ்சாருங்கோ, நண்டு வைச்சிட்டன். மௌலி வாற நேரமெல்லோ…” சொல்லி முடிக்குமுன் அவருக்கே நினைவு வந்துவிட்டது. மேசையில் வைத்த மூன்றாவது கோப்பையை எடுக்கும் சத்தம் நிலவறை வரை கேட்டது.