சுவருக்கு மேல் கேட்ட கடைசிப் பகுதி

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருந்த எங்கள் லயத்திலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் டிவி. கார் பேட்டரியில் ஓடும். சனிக்கிழமை மாலையில் சிங்களத்தில் பேசும் ஜப்பான் கார்ட்டூன் ஒன்று வரும். அதில் ஒரு பெண், செத்துப்போன அம்மாவைக் காப்பாற்றக் காலத்தில் பின்னால் போவாள். போகிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஏதாவது மறந்துவிடும். முதலில் வீட்டுக்குப் போகும் வழி, பிறகு தோழியின் முகம், கடைசியில் தன் பெயர். அப்பா பதுளையில் ஒரு சிங்களவர் கடையில் வேலைக்கு நின்று சொல்லிக்கொடுத்ததால் எனக்குச் சிங்களம் வரும். மற்றப் பிள்ளைகளுக்கு நான்தான் கதை சொல்ல வேண்டும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரிக்கும் என்னைப் போலப் பன்னிரண்டு வயது. முந்தின வருடம் மண்மேடு சரிந்து அவள் அம்மா இறந்துபோனார். அன்று பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் இவள் வயிற்றுவலி என்று பொய் சொன்னாள். அம்மா ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல், வேலையை விட்டுவிட்டு வீட்டில் நின்றார். மகளுக்குக் கசாயம் வைக்க விறகெடுக்கப் பின்பக்கம் போனபோது மண் விழுந்தது. அந்தப் பொய் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கார்ட்டூன் ஓடும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். நகம் பதியும்.

கடைசிப் பகுதி வந்த வாரம் எங்களுக்குள் சண்டை. பரீட்சையில் அவள் என்னை முந்திவிட்டாள், அவ்வளவுதான். அவளை உள்ளே விடாமல் கதவைச் சாத்தினேன். முடிவில் அந்தப் பெண் அம்மா உயிரோடிருந்த நாளுக்குப் போய்ச் சேர்ந்தாள். உன்மேல் தப்பில்லை என்று அம்மா மூன்று முறை சொன்னாள். பெண்ணுக்குப் பெயர் திரும்பி வந்தது.

லயத்தில் வீடுகளுக்கு நடுவே உள்ள சுவர் கூரைவரை போகாது. படம் முடிந்ததும் அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"காப்பாத்திட்டாளா?"

"இல்ல. அம்மாவ கொன்னதே அவதான்னு தெரிஞ்சுபோச்சு. அதான் பேரே இல்லாம போயிட்டா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஒரு மாதத்தில் அவள் லயத்தில் இல்லை. கொழும்பில் வீட்டு வேலை என்றார்கள்.

பத்து வருடம் கழித்துப் பதுளை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நான் டீச்சராகியிருந்தேன். என்ன பேசுவதென்று நான் யோசிப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"அந்தக் கார்ட்டூன்ல அம்மா மூணு தரம் சொன்னது செவுத்துக்கு மேல கேட்டுச்சு. அர்த்தம் தெரியல. சத்தம் மட்டும் மனசுல நின்னுடுச்சு. கொழும்புல நான் வேல செஞ்ச வீட்டு நோனாவோட மக கிளாஸ ஒடச்சப்ப, நோனா அதே வார்த்தைய சொன்னாங்க. அப்பத்தான் புரிஞ்சுது."

"எப்ப?"

"போயி நாலு வருசம் கழிச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீ சொன்ன மறுநாளே அப்பாகிட்ட உண்மைய சொல்லிட்டேன். அவருதான் என்ன கொழும்புக்கு அனுப்புனாரு. சாகும்போதுகூட என்ன கூப்பிட வேணாம்னுட்டாராம்."

"தப்பு என்னுதுதான்" என்றேன். இல்லை என்று அவள் சொல்வாள் என்று காத்து நின்றேன்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.