லைனுக்கு ஆள் தேடுகிறார்கள்

அமெரிக்காவில், ஐசலின் என்ற ஊரில், ஓக் ட்ரீ ரோட்டுப் பக்கம் ஒரு தமிழ் ஓட்டலில் பரோட்டாவும் தோசையும் போட்டுக்கொண்டிருந்தேன். அது எனக்கு மூன்றாவது குளிர்காலம். முதலாளி எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். மூத்தவர்களை நாங்கள் அழைக்கிற முறையில் அவரைக் காக்கா என்பேன். என் கிரீன் கார்டுக்கு அவர்தான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். வக்கீல் நிரப்பிய தாளில் என் வேலைக்குப் போட்டிருந்த பெயர் ‘லைன் குக்’. பரோட்டா மாஸ்டர் என்று ஏன் போடவில்லை, லைன் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கேட்பதைக்கூடத் தப்பாகத்தான் கேட்பேன் என்று ஒரு பயம் எப்போதும் உண்டு.

சனிக்கிழமை மத்தியானங்களில் காக்காவின் சிநேகிதர்கள் இரண்டு பேர் வருவார்கள். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. ஒருவர் சென்னைக்காரர், மற்றவர் பொள்ளாச்சிப் பக்கம். மூவருக்கும் அமெரிக்கக் கால்பந்தில் பைத்தியம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்பதே எனக்கு விளங்காததால், அந்தப் பேச்சுக்கு நான் காது கொடுப்பதில்லை. ஆனால் அந்த ஜனவரியில் அவர்களுடைய அணி தோற்று வெளியேறி, கடை டிவியும் அணைந்தே கிடந்தது. ஆட்டம் இல்லாத நாளில் ஆட்டத்தைப் பற்றி என்ன பேசுவார்கள்?

சமையலறைச் சுவரில், தட்டு நீட்டுவதற்கு ஒரு ஜன்னல். தலைக்கு மேல் புகை இழுக்கிற ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. அதையும் மீறிச் சென்னைக்காரரின் குரல் கேட்டது.

“மூணு வருஷமா அதே ஆளு, அதே தப்பு. லைனே வீக்கு.”

“கை வேகம் பத்தலீங்க. காலும் நகர மாட்டேங்குது,” என்றார் பொள்ளாச்சிக்காரர்.

நான் என் காலைப் பார்த்தேன். குளிருக்கு இரண்டு சாக்ஸ் போட்டிருந்தேன்.

“அதுக்காக லைன் குக்க ஒரேயடியா அனுப்பிடறதா? இன்னும் ஒரு வருஷம் பாத்திருக்கலாம்ல?” இது காக்கா. லைன் குக் என்றுதான் என் காதில் விழுந்தது.

“பாத்தது போதும் பாய். புது ஆள் தேட ஆரம்பிச்சாச்சு. காலேஜ்லேர்ந்து ஒருத்தர எடுக்கப் போறாங்களாம்.”

“காலேஜ் ஆளு இங்க தாங்குவாருங்களா? டெக்சாஸ்ல ஒருத்தர் சும்மாதான் இருக்காரு. முரட்டு ஆளு.”

“கத்துறவன் வேணாம்ப்பா. சொல்லிக் குடுக்கிறவன் வேணும்,” என்றார் காக்கா.

பரோட்டா வீசக் காலேஜ் படிப்பு எதற்கு? டெக்சாஸ் முரடர் தோசைக்கல் முன்னால் நின்று என்ன செய்வார்? எதுவும் எதோடும் ஒட்டவில்லை. ஆனாலும் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று பட்டது. வேலை போனால் கிரீன் கார்டும் போகும். ஊரில் என் மனைவியும் மகளும் அதை நம்பித்தான் இருந்தார்கள். அடுப்பில் ஒரு தோசை கருகியது. காலும் நகரவில்லை என்று சொன்னார்களே என்று வேகமாக நகர்ந்து, மாவுப் பாத்திரத்தில் இடித்துக்கொண்டேன்.

கேட்டுவிடுவது என்று வடைத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

“காக்கா, என் கைல என்ன குறைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்ல. காலேஜ் ஆளெல்லாம் எதுக்கு?”

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். முதலில் பிடிபட்டது பொள்ளாச்சிக்காரருக்குத்தான்.

“குக் இல்லீங்க, கோச்சுங்க. லைன் கோச்.” தட்டிலிருந்து ஐந்து வடைகளை எடுத்து வரிசையாக வைத்தார். பின்னால் சட்னிக் கிண்ணத்தை வைத்தார். “இந்த அஞ்சு பேருதான் லைன். சட்னி பந்து எறியறவரு. அவரு மேல யாரும் விழாம இவங்க தடுக்கோணும். இவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவர மாத்தறாங்க.”

“அஞ்சு பேருக்குத் தனியா ஒரு வாத்தியாரா?”

“அதான் நாங்களும் சண்ட போட்டுனு இருக்கோம்,” என்றார் சென்னைக்காரர். “வடைய வீணாக்காத, குடு.”

இருவரும் சிரித்தார்கள். காக்கா சிரிக்கவில்லை.

“நானே சொல்லணும்னு இருந்தேன். நாளைக்குப் பேப்பர்ல உன் வேலைக்கு விளம்பரம் வருது. பயந்துடாத. இந்த ஊர்ல ஆள் தேடிப் பாத்தோம், கிடைக்கலன்னு காட்டுனாத்தான் உனக்கு கிரீன் கார்டு போட முடியுமாம்.”

“என் வேலைக்கா?”

“ஆமா. லைன் குக் தேவைன்னு.”

“நான்தான் இருக்கேனே காக்கா.”

“நீ இருக்கணும்னுதான்ப்பா தேடுறோம்.”

மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். புரியவில்லை. “ஆள் கிடைச்சிட்டா?” என்று கேட்டேன். அதுவரை யாரைப் போடலாம், யாரை அனுப்பலாம் என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்த மூவரும் ஆளுக்கொரு வடையை எடுத்துக் கடித்தார்கள்.

“வக்கீலத்தான் கேக்கணும்,” என்றார் காக்கா.

விளம்பரத்தில் கடை நம்பர்தான் இருந்தது. அந்த வாரம் முழுவதும் கடை ஃபோன் அடிக்கும்போதெல்லாம் என் கையிலிருந்த மாவு நின்றது. பிரியாணி ஆர்டராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. வியாழக்கிழமை மட்டும் காக்கா ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் வந்தார்.

“ஒருத்தரு பேசினாரு. வெள்ளைக்காரர் மாதிரி இருந்துச்சு. பரோட்டான்னா என்னன்னு கேட்டாரு. சொன்னேன். கத்துக்கலாமான்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வந்து பாருங்கன்னேன். வேற என்ன சொல்றது? வராதீங்கன்னு சொல்லக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு.”

“எப்ப வர்றாராம்?”

காக்கா தலையைச் சொறிந்தார். “அதக் கேக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சுப்பா.”

அது நல்லதா கெட்டதா என்று அவருக்கும் தெரியவில்லை. இருவரும் தட்டு நீட்டுகிற ஜன்னல் வழியாக வாசல் கதவைப் பார்த்தோம்.