நாற்பதாவது ஆரோக்கியசாலி

மருத்துவமனையில் அவளுக்குக் குழாயக்கா என்றுதான் பெயர். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் அறையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். வருகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, முன்வழியாக ஒன்று, பின்வழியாக ஒன்று என இரண்டு மெல்லிய குழாய்களைச் செருகுவாள். பம்ப்பைத் தட்டிவிட்டால் உப்புநீர் பைக்குள் மெல்ல ஏறும். எப்போது முதலில் உணர்வு தெரிகிறது, எப்போது முட்டுகிறது, எப்போது இனி தாங்காது என்று அவர்கள் சொல்வார்கள். திரையில் ஓடும் கோட்டில் அந்தந்த இடத்தை இவள் குறித்துக்கொள்வாள்.

குழாய் உள்ளே இருக்கும்போது ஆளை விட்டு நகர முடியாது. ஒருவருக்கு ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு ஆறு பேர். ஊழியர் கழிப்பறையோ கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி இருக்கிறது. போய்த் திரும்புவதற்குள் வெளியே காத்திருப்பவர்கள் கதவை உடைத்துவிடுவார்கள். அதனால் காலையில் அரை டம்ளர் காபி, அதோடு சரி. மாலை வரை வாயில் தண்ணீர் படாது. ஊரார் பையையெல்லாம் அளந்தவள் தன்னுடையதைப் பூட்டி வைத்திருந்தாள்.

"உனக்கு உள்ள இருக்கறது பையா, மொட்டை மாடித் தொட்டியா?" என்று அந்த அறையில் உடன் வேலை பார்க்கும் சிஸ்டர் கேட்பாள்.

"பழகிடுச்சு" என்பாள் குழாயக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பிரிவின் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சர்க்கரை நோய் நாள்பட்டால், பை நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் மந்தமாகிவிடும். எவ்வளவு மந்தம் என்று பார்க்க நாற்பது நோயாளிகள் வேண்டும், ஒப்பிட நாற்பது ஆரோக்கியசாலிகள் வேண்டும். நோயாளிகள் தாமாகவே வந்தார்கள். நன்றாக இருக்கிறவன் எவன் வந்து குழாய் செருகிக்கொள்வான்? எட்டு மாதம் அலைந்து முப்பத்தொன்பது பேரைப் பிடித்தாயிற்று. நாற்பதாவதாக வந்த வாயிற்காவலர் குழாயைக் கண்டதும் தொப்பியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

"அக்கா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"கொழுப்பு இருக்குன்னு வீட்டுக்காரர் சொல்றாரு."

"அப்ப நீங்க உக்காருறீங்களா? வெள்ளிக்கிழமை கட்டுரைய அனுப்பணும். வேண்டாம்னா சொல்லிடுங்க, கட்டாயம் இல்ல."

குழாயக்கா சம்மதித்தாள். படிவத்தில், ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் கழிப்பீர்கள் என்ற கேள்விக்கு ஏழு என்று எழுதினாள். முப்பத்தொன்பது பேரும் ஏறக்குறைய அதைத்தான் எழுதியிருந்தார்கள். அவளுக்கு உண்மையில் மூன்று. முன்பெல்லாம் வேலையிலிருந்து வந்ததும் செருப்போடு கழிப்பறைக்கு ஓடுவாள். இப்போது சமையலை முடித்துவிட்டு நிதானமாகப் போகிறாள். உடம்பு இரும்பாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சிஸ்டர் பம்ப்பை இயக்கினாள். திரை வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் பம்ப்பின் உருளை ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்னும். எத்தனை டக்கில் எவ்வளவு தண்ணீர் என்பது குழாயக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம்.

நூறு மில்லி. நூற்றைம்பது. ஆரோக்கியமான ஆட்கள் வாய் திறக்கும் இடம் இதுதான். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருநூறு. அப்போதும் இல்லை. சிஸ்டர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப லேசா தெரியுது" என்றாள் குழாயக்கா.

எங்கோ தெருவில் போகிறவரைப் பற்றிச் சொல்வது போல் இருந்தது. முந்நூற்றைம்பதில் "முட்டுது" என்றாள். நானூற்றைம்பதில் "போதும்மா, நிறுத்து" என்று முகத்தையும் சுளித்தாள்.

வாய் சொன்னதைப் பை சொல்லவில்லை. கழிக்கச் சொன்னபோது நூல் போல மெல்லியதாக வந்து நின்றுவிட்டது. நூற்றெண்பது மில்லி உள்ளேயே தங்கிவிட்டது. டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டினாள்.

"நம்ம ஆளுங்க முன்னாடி கூச்சமா இருந்திருக்கும். உணர்வெல்லாம் சரியா இருக்கே. எடுத்துக்கலாம்."

குழாயக்கா தலையாட்டினாள். தூங்கி எழுந்தும் தூங்காதது போல் மறுநாள் வேலைக்கு வந்தாள்.

அன்று மூன்றாவது ஆள் ஒரு தையல்காரர். கால் மரத்துப்போகும் அளவுக்குச் சர்க்கரை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, அவர் பேசாமல் இருந்தார்.

"ஏதாவது தெரியுதா அண்ணே?"

"வழக்கமா எந்த இடத்துல தெரியணும்மா? சொல்லு, அங்க சொல்லிடறேன்."

"அப்படிச் சொன்னா உங்களுக்கு என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? வந்தா சொல்லுங்க. வரலன்னா சும்மா இருங்க. இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது."

பதினான்கு வருடமாகச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அன்றைக்கு அது அவளுக்கே சொன்னது போல் கேட்டது. அவரை அனுப்பிவிட்டு, அடுத்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"நாப்பதாம் நம்பரை அடிச்சிடுங்க."

"உங்களதா? ஏன்?"

"எனக்கு ஒண்ணுமே தெரியல. பம்ப் சத்தத்தை எண்ணிச் சொன்னேன். ஏழு தடவைன்னு எழுதுனதும் பொய்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நாளைக்கு அனுப்பணும்க்கா."

"தெரியும்."

"கொஞ்சங்கூடவா தெரியல?"

"இல்லம்மா. இந்த ரூம்லயே இருந்துட்டு எனக்கே தெரியலன்னு எப்படிச் சொல்றது?"

டாக்டரம்மா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். பிறகு கணினியில் கடைசி வரிசையை நீக்கினாள். சராசரிகள் எல்லாம் மாறின. கணக்கையெல்லாம் திரும்பப் போட வேண்டும். ஆரோக்கியமானவர்கள் முப்பத்தொன்பது என்று கட்டுரையில் திருத்தினாள். "போங்க, ஆள் காத்திருக்கும்" என்றாள். கோபமா, களைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

திங்கட்கிழமை டாக்டரம்மா தானே பம்ப்பருகே உட்கார்ந்து, குழாயக்காவின் காதில் பஞ்சு வைத்துச் சோதித்தாள். ஐந்நூற்று இருபதில்தான் அடிவயிற்றில் ஏதோ கனம் என்று தோன்றியது.

"சர்க்கரை இல்ல, முதுகெலும்பும் சரியா இருக்கு. அடக்கி அடக்கிப் பையை இழுத்து விட்டிருக்கீங்க. அது சொல்லிப் பார்த்துச்சு, நீங்க கேக்கல. இப்ப சொல்றத விட்டுடுச்சு."

"திரும்பச் சொல்லுமா?"

"சில பேருக்குத் திரும்புது. உங்களுக்கு எப்படின்னு ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

அதுவரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும் போக வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு சோதனை என்பது ஐந்தாயிற்று. வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவளுக்கும் ஒரு நோயாளிச் சீட்டு போட்டாயிற்று. அவள் கையெழுத்திலேயே நிரப்பினாள். எத்தனை முறை என்ற இடத்தில் மூன்று.

மறுநாள் காலை கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். கழிப்பறை வாசலில் இரண்டு பேருக்குப் பின்னால் நின்றாள். முன்னால் நின்ற எக்ஸ்ரே அறைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா, நீங்களா? அவசரம்னா முன்னாடி போங்க."

"அவசரமான்னு தெரியல. மணி பதினொண்ணு, வந்துட்டேன்" என்றாள் குழாயக்கா.