ஐந்தாவது கணினியின் வேகம்

மாத்தளை நகரில் ஓர் அரச அலுவலகத்தின் மாடியில் வாகினிக்கு வேலை. எல்கடுவப் பக்கத்து மலைச்சரிவுகளில் மழை எவ்வளவு ஊறியிருக்கிறது, எந்தச் சரிவு தாங்காது என்று கணக்குப் போட்டு வரைபடம் எடுப்பாள். அதற்கென்று புதிய கருவி எதுவும் தரப்படவில்லை. கழித்துவிட்ட ஆறு கணினிகளை அவளே ஒன்றோடொன்று இணைத்து, மலையை ஆறு துண்டாக்கி அவற்றுக்குப் பகிர்ந்து கொடுத்திருந்தாள்.

ஒவ்வொரு படியிலும் ஆறும் விடைகளை மாற்றிக்கொண்ட பிறகுதான் அடுத்த படி. ஆகவே ஒன்று பிந்தினால் ஐந்தும் காத்துக் கிடக்கும். ஒரு கணக்கு முடிய எட்டு மணித்தியாலம் ஆனது. பிராசசரில் குறையில்லை, ரேமில்தான் தாமதம் என்று கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. கேட்ட எண்ணை ரேம் எடுத்துக் கொடுப்பதற்குள் பிராசசர் சும்மா இருந்தது. ரேமின் வேகத்தைக் கூட்டினாள், அந்தத் தாமதத்தை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்தாள். எட்டு மணித்தியாலம் ஐந்தானது.

ஆனால் ஐந்தாவது கணினியின் ரேம் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. ஓகஸ்ட்டில் ஒருநாள் அது ஓர் எண்ணைப் பிழையாகத் திருப்பிக் கொடுக்க, அசையாத சரிவொன்று வரைபடத்தில் சிவப்பாக வந்தது. சரிவின் கீழிருந்த தேயிலைத் தோட்டத்தில் மூன்று லயத்து வரிசைவீட்டுச் சனங்கள் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. தோட்டத்திலிருந்து முறைப்பாடு வந்தது.

“இன்னொருக்கா பிழைச்சால் எங்கட மாப்பை ஒருத்தரும் பார்க்க மாட்டினம், பிள்ளை. பழைய வேகத்துக்கே விடும்,” என்றார் மேலதிகாரி ஸ்ரீஸ்கந்தராஜா.

புது ரேம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வாகினி வேகத்தைக் குறைத்தாள். மறுபடியும் எட்டு மணித்தியாலம்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியலில் தொடங்கிய மழை விடவே இல்லை. ஏழரைக்குக் கணக்கை ஓடவிட்டாள். தோட்டத்தில் மழைமானி பார்க்கும் வேலம்மா பதினொரு மணிக்கு ஃபோன் எடுத்தாள்.

“நூத்தி அறுவது மில்லி ஆயிருச்சு மிஸ். நாங்க எறங்கணுமா?”

“கணக்கு இன்னும் முடியேல்ல வேலம்மா. பயமாயிருந்தால் இறங்குங்கோ.”

“போன தடவ எறங்குனதுக்கு அன்னைக்கிப் பேரு போடல, சம்பளம் போச்சு மிஸ். நான் சொன்னா கேக்கமாட்டாங்க. கணக்கு வந்தா சொல்லுங்க.”

இரண்டு மணி பத்துக்கு மூன்றாவது லயத்தின் மேல் சரிவு இறங்கியது. நான்கு பேர் புதைந்து செத்தார்கள். அதில் ஒருத்தி வேலம்மாவின் மருமகள். கணக்கு மூன்றரைக்கு முடிந்தது. அதே சரிவு சிவப்பாக இருந்தது.

அடுத்த வாரம், யாரும் கேட்காமலே வாகினி ஐந்தாவது கணினியை வேகமான நிலைக்கு மாற்றி, அன்றைய மழையைத் திரும்பக் கொடுத்தாள். ஐந்து மணித்தியாலத்தில், ஒரு பிழையும் இல்லாமல், அதே சிவப்பு. அன்று அப்படி ஓடியிருந்தால் பன்னிரண்டரைக்கே வந்திருக்கும். மறுநாளும் ஓட்டினாள். அப்போது பிழைத்தது. மூன்றாம் நாள் சரியாக வந்தது. இதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொல்லியும் என்ன ஆகப்போகிறது?

ஒரு சனிக்கிழமை, சனங்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க நினைத்து வாயெடுத்தாள். வேலம்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரு படிவத்தை நீட்டினாள்.

“இது சிங்களத்துல இருக்கு மிஸ். வீட்டுக்காம். எழுதித் தாறீங்களா?”

வாகினி பேனையை எடுத்தாள். குடும்ப அங்கத்தவர் எத்தனை பேர் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“மூணு,” என்றாள் வேலம்மா. பிறகு விரல்களை மடக்கி எண்ணிவிட்டு, “ரெண்டுன்னு போடுங்க,” என்றாள்.