வேலிக்கு அந்தப்புறம் போன தண்ணீர்

கருமத்தம்பட்டிக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தை ஒட்டினாற்போல் இருந்தது சாமியாத்தாளின் தோட்டம். அந்த அம்மாள் அளவுக்குப் பயப்பட எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. மேகம் கறுத்தால் பருத்தி நனைந்துவிடும் என்பாள்; வெளுத்தால் கிணறு வற்றிவிடும் என்பாள். மேல்காற்று அடித்தால் மழையைத் தள்ளிக்கொண்டு போய்விடுமாம். அடிக்காவிட்டால் மழையே வராதாம். "சாமியாத்தா சிரிச்சா அன்னைக்கு மழைதான்" என்று நாங்கள் கேலி செய்வோம்.

பைக்காரா மின்நிலையத்துக் கரண்டு எங்கள் பக்கம் வந்த பிறகு அவள் பயத்துக்கு ஒரு காரணமும் கிடைத்தது. வேலிக்கு அந்தப்புறம் பள்ளத்துத் தோட்டம் சுந்தரராஜுலு நாயுடுவுடையது. அவர் தன் கிணற்றில் மோட்டார் வைத்தார். அது இறைக்க இறைக்க இவள் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. அந்த வருஷம் மாசியிலேயே, தண்ணீர் இறைக்கும் சால் பாறையில் இடித்தது.

அவள் பயந்தது பருத்திக்காகக்கூட இல்லை. சால் இழுக்கும் எருதுகள் இரண்டு, மயிலையும் செவலையும். பருத்திக்கொட்டை ஆட்டி வைத்துக் கன்றிலிருந்து அவள் வளர்த்தவை. "தண்ணியில்லாத கெணத்துக்கு எருது எதுக்கு? ஆடியில அந்தியூர்ச் சந்தைக்கு ஓட்டிப்போடறேன்" என்று அவள் புருஷன் நஞ்சுண்டன் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, வேட்டு வெச்சு இன்னுங் கொஞ்சம் ஆழமாக்கிப் பாக்கலாமுங்க" என்று அவள்தான் கெஞ்சினாள்.

வேட்டுக்காரர்கள் வந்தார்கள். பாறையில் குழியடித்து, வெடிமருந்தைத் திணித்து, திரியைப் பற்றவைத்ததும் எல்லோரும் ஓடினோம். சாமியாத்தாள் மட்டும் எருதுகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். நிலம் அதிர்ந்தது. கிணற்றுச் சுவரில் குடியிருந்த மாடப்புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன.

புகை அடங்கி எட்டிப் பார்த்தால், இருந்த முழங்கால் தண்ணீரும் இறங்கிக்கொண்டிருந்தது. பாறை பிளந்து எங்கேயோ வழி விட்டுவிட்டது. பொழுது சாய்வதற்குள் அடிப்பாறை காய்ந்துபோனது. "வேட்டு வெய்யின்னு நாந்தானே சொன்னேன்" என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நாயுடுவின் மனைவி வெங்கடலட்சுமி ஒரு சொம்புத் தண்ணீரோடு வேலியோரம் வந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க அக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

வெடிமருந்து வாடை குப்பென்று அடித்தது.

"எங்க கெணத்துல தண்ணி ஏறிக் கெடக்குதுங்க. உங்க தண்ணிதான் வந்திருக்குதுங்க. மறைச்சுப்போட்டு அதை எப்படிங்க குடிக்கறது? அவருகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

சும்மா சொல்லக்கூடாது, நாயுடுவும் முகம் சுளிக்கவில்லை. கிளுவை வேலியில் ஓரிடத்தை வெட்டி, மேட்டுக்குக் குழாய் போட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார்த் தண்ணீர் இவள் பருத்திக்குப் பாய்ந்தது. வாடிய செடி பச்சை பிடித்ததைப் பார்த்துச் சாமியாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு மழை பெய்யவில்லை. யாரும் மழையைத் தேடவுமில்லை.

ஆடி பிறந்தது. ஒரு காலையில் நஞ்சுண்டன் எருதுகளை அவிழ்த்தார்.

"ஏனுங்க, அதுதான் தண்ணி வருதுல்லங்க!" என்று ஓடிவந்தாள் அவள்.

"மோட்டாரு எறைக்குது புள்ள. இதுக என்னத்தை எறைக்கும்? உழவுக்கு எங்கண்ணன் ஊட்டு ஏரு வருது. சும்மா நிக்கறதுகளுக்குத் தீனிக்கு எங்க போறது?" அவள் முகத்தைப் பார்க்காமலே ஓட்டிக்கொண்டு போனார்.

வானத்துக்கும் காற்றுக்கும் பாறைக்கும் பயந்தவள், தண்ணீர் வந்த பிறகு இதற்குப் பயப்பட மறந்துபோயிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே மனசு பொறுக்கவில்லை.

மறுநாள் விடியும்போது அவள் வீட்டில் ஆட்டுக்கல் சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று போய்ப் பார்த்தேன். பருத்திக்கொட்டை ஆட்டி, பாலை வடித்து, வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எருதுகள் நின்ற கட்டுத்தரை வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் வாளியைக் கீழே வைத்தாள்.