அதிகாரி தோற்காத ஆட்டம்

அரியலூரில் எங்கள் பெண்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். பாடம் நடத்தியது என் சித்தி. சித்தப்பாவின் மனைவி, கணக்கு டீச்சர். திருச்சியில் பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்த ஒரே காரணத்தால் அந்தப் பெட்டி அவர் தலையில் விழுந்தது. பள்ளியில் மறந்தும் சித்தி என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்.

வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு சொல் விளையாட்டு எழுதினோம். கம்ப்யூட்டர் ஓர் ஆங்கிலச் சொல்லை ஒளித்து வைத்துக்கொள்ளும். ஆடுபவர் எழுத்தெழுத்தாக ஊகிக்க வேண்டும். ஏழு தப்பு செய்தால் தோல்வி. "அதுக்குச் சொந்த புத்தி கெடையாதுடி. இப்படி ஆனா அப்படிச் செய்யின்னு வரி வரியா நாமதான் சொல்லணும்" என்பார் சித்தி. மற்றவர்கள் நோட்டில் எழுதித் திணறிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. தலைக்கனம் கொஞ்சமா நஞ்சமா!

அப்போதுதான் திருச்சியிலிருந்து அதிகாரி வருகிறார் என்றார்கள். பிள்ளைகள் உருப்படியாக எதுவும் கற்கவில்லை என்று அவருக்குப் பட்டால் மெஷினை வேறு பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால் அவரோடு தாயம் ஆடுவார்கள்; ஆனால் அவரைத்தான் ஜெயிக்க விடுவார்கள். அப்பா தன் காயைத் தெரிந்தே வெட்டக் கொடுப்பார். "வந்த மனுஷன் தோத்துட்டுப் போனா வூட்டுக்கு நல்லாவா இருக்கும்?" என்பார். மாப்பிள்ளைக்கே இப்படியென்றால் அதிகாரிக்கு? முந்தின நாள் சாயங்காலம், சித்தி தலைமையாசிரியை அறைக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டு வரிகளுக்கு நடுவே நான் ஒரு வரியைச் செருகினேன். ஏழாவது தப்பு விழுந்தால், ஜெயித்துவிட்டதாகச் சொல்! யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதிகாரி வந்தார். முதல் ஆட்டத்தில் ஜெயித்தார், இரண்டாவதிலும் ஜெயித்தார். தலைமையாசிரியை கைதட்டினார். அதிகாரிக்கு என்ன சந்தேகமோ, மூன்றாவது ஆட்டத்தில் ஆங்கிலத்தின் கடைசி எழுத்தையே ஏழு தடவை அழுத்தினார். அதற்கும் பாராட்டியது கம்ப்யூட்டர்.

சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. "பாக்க வந்தவனை ஏமாத்தறதுக்கா கவர்மெண்ட்டு இதைக் குடுத்துச்சு? எந்தப் பொண்ணு எழுதுனது இது?"

நான்தான் என்று எழப்போனேன். சித்தி என்னைத்தான் பார்த்தார். அவருக்கா தெரியாது! "நான்தாங்க சார் எழுதுனேன். பிள்ளைங்களுக்குத் தெரியாதுங்க. அந்த ஒரு வரிய விட்டுட்டு மத்த எதை வேணாலும் அவங்களைக் கேளுங்க."

கேட்டார். ஒவ்வொருத்தியும் கடகடவென்று சொன்னோம். மெஷின் எங்களுக்கே என்று ஆகிவிட்டது. எனக்கோ வயிறு எரிந்தது. திட்டு ஒரு நிமிஷம். பேர் ஊர் முழுக்க நிற்குமே! எழுதியது நான், பேரைத் தட்டிக்கொண்டு போவது சித்தியா? அன்றோடு வீட்டில் அவருடன் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அடுத்த மாதமே சித்திக்கு அரும்பாவூருக்கு மாற்றல் வந்தது. பெரம்பலூரில் இறங்கி பஸ் மாற வேண்டும். முதல் நாள் காலை அவர் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது, அத்தனை நாள் கழித்து வாய் திறந்தேன்.

"நான் எழுதுனதை நீங்க எழுதுனதா சொன்னீங்கல்ல? பொய் சொன்னா சாமி சும்மா விடுமா?"

சித்தி சிரித்துவிட்டார். "விடாதுடி" என்று என் பின்னலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார்.

அன்று பள்ளியில் முதல் ஆளாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். விளையாட்டின் முதல் வரிக்கும் மேலே, எல்லோருக்கும் தெரியும்படி என் பெயரை அடித்துச் சேர்த்தேன். அந்த மெஷின் இன்னும் எங்கள் பள்ளியில் ஏன் இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.